மெக்ஸிகோவில் படகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க: பாய்மரப் படகில் முதல்முறை போகிறவர்களுக்கு

2013 நவம்பர் கடைசி. மெக்ஸிகோவின் மரீனாக்களில், அதாவது உல்லாசப் படகுத் துறைகளில், வெளிநாட்டுப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பலவும் ஆளில்லாத படகுகள். சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தார்கள். வரித்துறையின் தணிக்கை அதிகாரிகள் கையில் படிவத்தோடு டாக்கில் நடந்து வந்தார்கள், கூடவே துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள். ஒவ்வொரு படகின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார்கள். அந்த நடவடிக்கையில் 12 மரீனாக்களில் 1,647 படகுகள் பார்க்கப்பட்டன. 338 படகுகள் முடக்கப்பட்டன. என்செனாடாவிலும் நுயேவோ வயார்த்தாவிலும் கட்டியிருந்த பலருக்கு, தங்கள் படகு முடங்கிவிட்டது என்ற செய்தியே போனில்தான் வந்தது.

இதில் கடத்தல்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், முடங்கியவர்களில் பலர் ஓய்வுபெற்ற தம்பதிகள். படகை மெக்ஸிகோவில் தற்காலிகமாக வைத்திருக்கச் சுங்கப் பெர்மிட் வேண்டும்; பலரிடம் அது சரியாகவே இருந்தது. அது கேபின் டிராயரிலோ ஊரில் ஒரு ஃபைலிலோ இருந்தது. படகின் அடையாள நம்பர் எங்கே பொறித்திருக்கிறது என்று காட்ட ஆளில்லை. 2014-இன் முதல் சில மாதங்களில் படகுகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டன. அதற்குள் பலருடைய அந்த வருடப் பயணக் காலம் முடிந்துவிட்டது.

படகு பறிமுதல் என்றால் நமக்கு முதலில் ராமேஸ்வரம் விசைப்படகுகள்தான் நினைவுக்கு வரும். அது எல்லை, மீன்பிடி சம்பந்தப்பட்ட வேறு சட்டம், வேறு வலி. நான் இங்கே சொல்வது உல்லாசப் படகையும் சுங்கக் காகிதத்தையும் பற்றி. சான் டியாகோவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலர் இப்போது செகண்ட் ஹேண்ட் பாய்மரப் படகு வாங்கி, அறுபது கடல் மைல் சொச்சம் தெற்கே இருக்கும் என்செனாடாவுக்கு ஓட்டிப் பார்க்கிறார்கள். எனக்குப் போன் செய்து கேட்பவர்கள் எல்லோரும் காற்றைப் பற்றியும் அலையைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். காற்று இரண்டு நாளில் மாறிவிடும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் உங்கள் படகு யார் என்று அதுவாகவே சொல்லத் தெரிய வேண்டும். இங்கே உள்ள வேலை எல்லாம் அதற்குத்தான்.

குனிந்து நம்பரைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1972 நவம்பர் 1-க்குப் பிறகு கட்டிய படகு என்றால் அதற்கு 12 இடம் கொண்ட ஒரு ஹல் நம்பர் இருக்கும். காருக்கு சேசிஸ் நம்பர் போல. முதல் மூன்று எழுத்து கட்டிய கம்பெனியைக் குறிக்கும். அடுத்த ஐந்து அந்தப் படகின் வரிசை எண். கடைசி நான்கு மாதமும் வருடமும். அது இருக்கும் இடம் பின்பலகையின் வலது மூலை, மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்.

என் படகு 1986-இல் கட்டிய 32 அடிப் படகு. வாங்கி ஒரு வருடம் வரை அந்த நம்பரை நான் பார்த்ததே இல்லை. யாரோ முந்தைய சொந்தக்காரர் நீச்சல் ஏணியை மாட்டியபோது அதன் தகட்டை நம்பரின் பாதி மேல் வைத்து போல்ட் போட்டிருந்தார். மீதிப் பாதியை இருபது வருடத்து பாலிஷும் உப்பும் மூடியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிங்கியில், அதாவது கூடவே வைத்திருக்கும் குட்டிப் படகில், உட்கார்ந்து தகட்டைக் கழற்றினேன். பழைய டூத் பிரஷ்ஷில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்து, சின்ன வயதில் காசின் மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதுபோலப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். பன்னிரண்டும் வரிசையாக எழும்பி வந்தன. கையிலிருந்த ரெஜிஸ்ட்ரேஷன் தாளோடு ஒப்பிட்டால் ஒரு இடம் இடித்தது. படகில் பூஜ்யம்; தாளில் ஆங்கில எழுத்து ஓ.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு வேறு படகு. யார் செய்த தவறு என்று தேடிப் பலனில்லை. என்றோ யாரோ கையால் நிரப்பிய படிவத்திலிருந்து அது தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் ஒரு உபயோகமான விதி உண்டு. வரிசை எண் பகுதியில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்தவே கூடாது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால்தான் அப்படி. ஆகவே உங்கள் தாளில் அந்த ஐந்து இடத்துக்குள் ஓ இருந்தால் தாள்தான் தப்பு, சந்தேகமே வேண்டாம். அமெரிக்கக் காகிதத்தை முதலில் திருத்துங்கள். மெக்ஸிகோ பெர்மிட் அதைப் பார்த்துத்தான் டைப் ஆகும். தப்பான தாளை வைத்து எடுத்த பெர்மிட் ஒன்பது வருடம் வேலை செய்வது போலத் தெரியும். பத்தாவது வருடம் யாரோ குனிந்து பார்க்கும் நாளில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

1972-க்கு முந்தைய படகிலோ, வேறு நாட்டில் கட்டிய பழைய படகிலோ நம்பரே இருக்காது. 2013-இல் இப்படிப்பட்ட படகுகளும் சிக்கின. அப்படிப் படகு வைத்திருந்தால் மாநில அரசிடம் விண்ணப்பித்து ஒரு நம்பர் வாங்கி, பின்பலகையில் நிரந்தரமாகப் பொறித்துவிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது போதாது, வெயிலில் உரிந்துவிடும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் பெயரில் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை) தரும் டாகுமெண்டேஷன் என்கிற மத்தியப் பதிவுச் சான்றிதழ் கிடைக்காது, கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. உங்களுக்கு மாநில ரெஜிஸ்ட்ரேஷன்தான். மெக்ஸிகோவில் இரண்டையுமே ஏற்கிறார்கள். தாளில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பா பெயர் இனிஷியலாக ஒரு இடத்தில், கடைசிப் பெயராக இன்னொரு இடத்தில் என்று நமக்கு இருக்கும் பழைய தலைவலி, ஸ்பானிஷ் பேசும் கவுன்டரில் இரட்டிப்பாகும்.

பெர்மிட்டும் பழைய பெர்மிட்டின் பேயும்

நாகர்கோவில்காரத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, என்செனாடாவுக்குக் கார்ல நாலு தடவ போயிருக்கேன், ஒரு பேப்பரும் கேக்கல. போட்டுக்கு மட்டும் எதுக்குண்ணே?"

கேள்வி நியாயம்தான். பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் வெளிநாட்டுக் காருக்குத் தற்காலிக இறக்குமதிப் பெர்மிட் தேவையில்லை. அந்தச் சலுகையைப் படகுக்கும் நீட்டிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நாலரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகு என்றால் தற்காலிக இறக்குமதிப் பெர்மிட் வேண்டும். டாக்கில் எல்லோரும் அதை டி.ஐ.பி. என்றுதான் சொல்வார்கள். கொடுப்பது பான்ஹெர்சிட்டோ என்கிற ராணுவ வங்கி. வங்கி ஏன் சுங்கப் பெர்மிட் கொடுக்கிறது என்று கேட்காதீர்கள், அங்கே அப்படித்தான். ஆன்லைனிலும் எடுக்கலாம், துறைமுகக் கவுன்டரிலும் எடுக்கலாம். 2013-இல் கட்டணம் ஐம்பது டாலர் சொச்சம். அந்த ஐம்பது டாலர் தாளுக்காகத்தான் லட்சக்கணக்கான டாலர் படகுகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. முதல் தடவை என்றால் ஆன்லைனில் எடுத்துவிட்டுப் போவதைத்தான் நான் சொல்வேன். தப்பு இருந்தால் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

பெர்மிட் பத்து வருடம் செல்லும். உங்களுடைய குடிவரவு அனுமதியோ அதிகபட்சம் 180 நாள். படகு பத்து வருடம் இருக்கலாம், நீங்கள் ஆறு மாதத்தில் கிளம்ப வேண்டும். டாக்கில் ஆளில்லாப் படகுகள் அத்தனை கிடப்பதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். தணிக்கை வரும் நாளில் சொந்தக்காரர் அங்கே இருக்க மாட்டார் என்பதைச் சட்டமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

விண்ணப்பத்தில் படகோடு போகும் சாமான்களையும் எழுத இடம் உண்டு. சோம்பல் படாதீர்கள். டிங்கி, அதன் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், அவுட்போர்டின் சீரியல் நம்பர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாத அவுட்போர்டு, வந்து இறங்கிய புது சரக்கு போலத் தெரியும்.

இனி பேய்க்கு வருவோம். பெர்மிட் சொந்தக்காரர் பெயரில் இருந்தாலும் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வது ஹல் நம்பரோடு. முந்தைய சொந்தக்காரர் எப்போதோ மெக்ஸிகோ போய் பெர்மிட் எடுத்துவிட்டு, திரும்பும்போது ரத்து செய்யாமல் படகை உங்களுக்கு விற்றிருந்தால் உங்களுக்குப் புதுப் பெர்மிட் வராது. விற்றவரும் ஏமாற்றியிருக்க மாட்டார், பாவம், ரத்து செய்ய வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு இதுதான் நடந்தது. நம்பரைத் திருத்தி, எல்லாம் சரி என்று ஆன்லைனில் அழுத்தினால், இந்தப் படகுக்கு ஏற்கெனவே பெர்மிட் இருக்கிறது என்று திருப்பிவிட்டது. யாருடையது என்று பார்த்தால் எனக்கு முன் இருந்தவருக்கும் முந்தையவர். அவரைத் தேடி, அவர் மகன் வழியாக, ஒரு கராஜ் பெட்டியிலிருந்து அசல் பெர்மிட் வர ஆறு வாரம். அசல் கிடைத்ததால் பான்ஹெர்சிட்டோ கவுன்டரில் கொடுத்து ரத்து செய்ய முடிந்தது. கிடைக்காமல் போயிருந்தால் விற்பனைப் பத்திரங்களின் சங்கிலி, பழைய ரெஜிஸ்ட்ரேஷன் நகல்கள், ஸ்பானிஷில் ஒரு விளக்கக் கடிதம் எல்லாம் சேர்த்து வரித்துறைக்கு மனுப்போட வேண்டும். அதற்கென்றே என்செனாடாவில் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கு ஆகும்.

ஆகவே மெக்ஸிகோ பக்கம் போய்வந்த செகண்ட் ஹேண்ட் படகு வாங்குகிறீர்கள் என்றால், விலை பேசும்போதே பழைய பெர்மிட் ரத்தான சீட்டைக் கேளுங்கள். எஞ்சினைப் பார்ப்பது போல இதையும் பாருங்கள். நீங்கள் விற்கும்போது அடுத்தவருக்கு இதே கஷ்டத்தை வைக்காமல் ரத்து செய்துவிட்டு விற்றுவிடுங்கள். பத்து வருடம் முடியப் போகிறது என்றாலும் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். காலாவதியான பெர்மிட்டோடு அங்கே நிற்கும் படகு, பெர்மிட்டே இல்லாத படகுக்குச் சமம்.

ஆட்களின் தாள்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் குத்தியிருந்தாலோ, கிரீன் கார்டு இருந்தாலோ தனி விசா தேவையில்லை. இங்கேதான் எச்-1பி வேலை விசாக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். வேலை அனுமதியின் அப்ரூவல் தாள் கையில் புதிதாக இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை போன வருடமே முடிந்திருக்கும். மெக்ஸிகோ அதிகாரி பார்ப்பது முத்திரையை மட்டும்தான். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதே விதி. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே தேவையில்லை. கூட வருகிற நண்பர்களின் பாஸ்போர்ட்டையும் நீங்களே வாங்கிப் பாருங்கள். படகுக்கு நீங்கள்தான் கேப்டன். ஒருவர் தாள் சரியில்லை என்றாலும் நிற்பது உங்கள் படகுதான்.

இன்ஷூரன்ஸ்: மூன்றாம் நபருக்கான பாதுகாப்பை மெக்ஸிகோவில் அனுமதி பெற்ற கம்பெனியின் பாலிசியாக எடுக்க வேண்டும். உங்கள் அமெரிக்க பாலிசி எத்தனை பெரியதாக இருந்தாலும் மரீனா வாசலில் இதைத்தான் கேட்பார்கள்.

முதல் நாள், என்செனாடாவில்

சான் டியாகோவிலிருந்து போகிறவர்களுக்கு என்செனாடா நல்ல முதல் துறைமுகம். குடிவரவு, துறைமுக கேப்டன் அலுவலகம், துறைமுகக் கட்டணம், பான்ஹெர்சிட்டோ எல்லாம் ஒரே கட்டடத்தில், ஒரே கூடத்தில் கவுன்டர் கவுன்டராக இருக்கிறது. மற்ற ஊர்களில் இதே வேலைக்கு டாக்ஸியில் அலைய வேண்டும். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்தால் திங்கள் வரை மஞ்சள் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கலாம்.

மஞ்சள் கொடி என்றால், வந்துவிட்டேன், இன்னும் அனுமதி முடியவில்லை என்று அர்த்தம். வலது பக்கம் ஏற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதை இறக்கி, அதே இடத்தில் மெக்ஸிகோ கொடி. கிழிந்த கொடியோ கைக்குட்டை அளவுக் கொடியோ வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆட்களின் பட்டியல் ஸ்பானிஷில், பாஸ்போர்ட்டுகள், ரெஜிஸ்ட்ரேஷன், மெக்ஸிகோ இன்ஷூரன்ஸ், டி.ஐ.பி. எல்லாவற்றிலும் நான்கு ஜெராக்ஸ். ஒவ்வொரு கவுன்டரும் ஒரு செட் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது ஒருவரும் ஒரு தாளும் தர மாட்டார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாய், தாள் எங்கே என்று இங்கே கேட்டால் ஆட்கள் பட்டியலிலேயே கிளம்பிய ஊரையும் தேதியையும் எழுதி வைத்திருப்பது கைகொடுக்கும்.

நான் போன அன்று கவுன்டரில் இருந்த அம்மாள் பெர்மிட்டையும் ரெஜிஸ்ட்ரேஷனையும் அருகருகே வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பூஜ்யத்தின் மேல் பேனா ஒரு நொடி நின்றது. எனக்கு வியர்த்தது. பிறகு நகர்ந்தது. முத்திரை விழுந்தது.

கட்டணம் எல்லாம் வங்கிக் கவுன்டரில், ரசீதோடு. டாக்கிலேயே கையில் கொடு, வேலை முடியும் என்று யாராவது சொன்னால் அதற்கு அங்கே மோர்திதா என்று பெயர். ஸ்பானிஷில் 'கடி' என்று அர்த்தம். ரசீது கேளுங்கள். சிரித்துக்கொண்டே, மறுபடியும் கேளுங்கள். ரசீதில்லாத பணம் உங்கள் ஃபைலில் எதையும் திருத்தாது.

படகில் இருக்கக் கூடாதவை

துப்பாக்கி கூடாது. தோட்டா கூடாது. பழைய சொந்தக்காரர் டிராயர் மூலையில் மறந்துவிட்டுப் போன ஒரே ஒரு தோட்டாவும் சிறைக்குப் போதும். செகண்ட் ஹேண்ட் படகில் ஒவ்வொரு மெத்தைக்கடியிலும் கை விட்டுத் தேடுங்கள். மூக்கடைப்புக்கு வாங்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை மெக்ஸிகோவில் தடை. முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். படகில் தூண்டில் இருந்தால், தூண்டில் போடுகிறவருக்கு மட்டுமல்ல, படகில் உள்ள எல்லோருக்குமே மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். மீனே பிடிக்கப் போவதில்லை என்றால் தூண்டிலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படகை அங்கே விட்டுவிட்டு வரும்போது

எனக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி. பத்து நிமிட வேலை.

ஒரு பிளாஸ்டிக் கவரில் பெர்மிட்டின் நகல், ரெஜிஸ்ட்ரேஷன் நகல், இன்ஷூரன்ஸ் நகல். முதல் பக்கத்தில் ஸ்பானிஷில் ஐந்து வரி: படகின் பெயர், சொந்தக்காரர் பெயர், ஹல் நம்பர், அது எங்கே பொறித்திருக்கிறது, உங்கள் போன் நம்பர். கூடவே இரண்டு போட்டோ: படகின் பின்பக்கம் முழுதாக ஒன்று, நம்பர் மட்டும் நெருக்கமாக ஒன்று. இதுபோல இரண்டு கவர் போட்டு, ஒன்றை மரீனா அலுவலகத்தில் கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றை கேபின் வாசலில் உள்பக்கமாகக் கண்ணாடி வழியே தெரியும்படி ஒட்டுங்கள். அசல் பெர்மிட்டைப் படகில் விடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று டாக்கில் முடிவில்லாத வாதம் நடக்கும். நான் அசலைக் கையோடு வைத்துக்கொள்கிறேன். படகு மூழ்கினாலும் ரத்து செய்ய அசல் வேண்டும்.

பின்பலகை நம்பரை மறைக்கும் கேன்வாஸ் மூடியைச் சுருட்டிக் கட்டுங்கள். டிங்கியை நம்பரை மறைக்கும்படி பின்னால் தொங்கவிடாதீர்கள். இந்த இரண்டும் அற்பமாகத் தெரியலாம். நம்பர் கண்ணில் படவில்லை என்றால் படிவத்தில் நம்பர் இல்லை என்றுதான் எழுதுவார்கள்.

எங்கள் டாக்கில் பக்கத்துப் படகுக்காரர் 2013-இல் மாட்டிக்கொண்டவர். அவர் இன்றும் பின்பலகையில், பொறித்த நம்பருக்கு நேர் கீழே, அதே நம்பரைக் கையகலக் கறுப்பு எழுத்தில் வரைந்து வைத்திருக்கிறார். பார்க்க அசிங்கம்தான். நானும் வரைந்துவிட்டேன்.

முடக்கிவிட்டார்கள் என்றால்

அதற்கு எம்பார்கோ பிரெகவுதோரியோ என்று பெயர், தற்காலிக முடக்கம். படகு இன்னும் உங்களுடையதுதான், நகர்த்தத்தான் முடியாது. பெரும்பாலும் மரீனாவையே பொறுப்பாளராக எழுதிவிடுவார்கள். 2013-இல் பலர் முடங்கிய படகிலேயே குடியிருந்தார்கள்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கயிற்றை அவிழ்த்து சான் டியாகோவுக்கு ஓட்டிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். முடக்கிய பொருளை நகர்த்துவது அங்கே தனிக் குற்றம். பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்ட மரீனாக்காரரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். தாள் தவறாக இருந்த விஷயம் அத்தோடு கிரிமினல் விஷயமாகிவிடும்.

அடுத்து, அக்தா என்கிற நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்குங்கள். என்ன குறை என்று எழுதியிருக்கிறார்கள், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நம்பர் இல்லை என்பதும், நம்பர் பொருந்தவில்லை என்பதும், பெர்மிட் இல்லை என்பதும் வேறு வேறு வழக்கு. முதல் இரண்டுக்கு ஆதாரம் காட்டினால் பெரும்பாலும் தீரும். மூன்றாவதில் வரியும் அபராதமும் பேச்சுக்கு வரும்.

சுங்கச் சட்டப்படி விசாரணை தொடங்கியதாக உங்களுக்கு நோட்டீஸ் வரலாம்; அந்த நடைமுறையைச் சுருக்கமாக பாமா என்பார்கள். பதிலும் ஆதாரமும் கொடுக்க உங்களுக்கு 10 வேலை நாட்கள்தான். ஃபைல் முழுமையான பிறகு அவர்கள் தீர்ப்புச் சொல்ல நான்கு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இரண்டு வாரம், அவர்களுக்கு நான்கு மாதம் என்ற கணக்கை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் கோபம் கொஞ்சம் குறையும். வேலை நாள் என்பது மெக்ஸிகோ நாட்காட்டிப்படி. காலண்டரை நீங்களே எண்ணாதீர்கள், வக்கீலை எண்ணச் சொல்லுங்கள்.

வக்கீல் என்றேன். சரக்கு இறக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டும் சுங்க வழக்கு நடத்தும் வக்கீலும் வேறு. மரீனா அலுவலகத்தில் கேட்டால் முதல் ஆளைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாமவர். உங்கள் நாட்டுத் தூதரகம் வக்கீல்கள் பட்டியல் தரும், அவ்வளவுதான். படகை விடுவிக்கத் தூதரகத்தால் முடியாது. வரி செலுத்துவோருக்கான அரசுக் குறைதீர் அமைப்பு ப்ரோதேகோன் என்று 2011 முதல் இருக்கிறது, சேவை இலவசம். வரித்துறையோடு தகராறு என்றால் அங்கேயும் ஒரு மனுப்போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

நீங்கள் ஊரில் இருந்தால் வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். நோட்டரி கையெழுத்து மட்டும் போதாது, அதன்மேல், அந்தத் தாள் வெளிநாட்டில் செல்ல உதவும் அபோஸ்டில் முத்திரை வேண்டும். அமெரிக்காவும் இந்தியாவும் மெக்ஸிகோவும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் வேலை ஓடும். மெக்ஸிகோ கான்சுலேட்டில் நேராகவும் எழுதிக்கொடுக்கலாம். ஆங்கிலத் தாள்களை அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஸ்பானிஷாக்க வேண்டும். நண்பரின் மனைவிக்கு ஸ்பானிஷ் தெரியும் என்பது கோர்ட்டில் செல்லாது. பத்து நாளில் பாதி இதிலேயே போய்விடும். ஆகவே ரெஜிஸ்ட்ரேஷனையும் விற்பனைப் பத்திரத்தையும் எந்த வம்பும் இல்லாத காலத்திலேயே மொழிபெயர்த்து வைத்திருப்பவர் புத்திசாலி. நான் வைத்திருக்கிறேன். இதுவரை தேவைப்படவில்லை.

ஜாமீன் போல உத்தரவாதம் கட்டி முடக்கத்தை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அது உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். அவராகச் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் படகு தண்ணீரில்தான் இருக்கிறது. மரீனாவிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, அடித்தளத்தில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பும் பேட்டரியும் கயிறுகளும் வாரம் ஒருமுறை பார்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வழக்கில் ஜெயித்து, மூழ்கிய படகை வாங்கி என்ன செய்ய?

திரும்பி வரும்போது

மெக்ஸிகோவை விட்டுக் கிளம்ப, துறைமுக கேப்டன் அலுவலகத்தில் சார்ப்பே என்கிற புறப்பாட்டுச் சீட்டு வாங்க வேண்டும். படகு இனி அங்கே திரும்பப் போவதில்லை என்றால் அன்றே, அதே கட்டடத்தில், பெர்மிட்டை ரத்து செய்து சீட்டு வாங்கிவிடுங்கள். இன்னொரு தடவை அதற்காக வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டீர்கள்.

மெக்ஸிகோ சுங்கத்துக்குப் பயந்து எல்லாம் சரியாகச் செய்தவர்கள் சொந்த ஊர் வந்ததும் அசட்டையாகிவிடுகிறார்கள். சான் டியாகோவில் ஷெல்டர் தீவில் உள்ள போலீஸ் டாக்கில் கட்டி அமெரிக்கச் சுங்கத்துக்கு வருகையைத் தெரிவிக்க வேண்டும், அல்லது அவர்களுடைய ரோம் (ROAM) என்கிற போன் செயலியில். சொல்லாமல் நேராக உங்கள் டாக்குக்குப் போனால் முதல் முறைக்கு 5,000 டாலர், அடுத்தடுத்த முறைக்கு 10,000 டாலர் அபராதம்; படகைப் பிடித்துவைக்கும் அதிகாரமும் உண்டு. முப்பது அடியோ அதற்கு மேலோ உள்ள படகுக்கு வருடாந்திரச் சுங்கக் கட்டண ஸ்டிக்கர் தனி.

ஒன்று விட்டுவிட்டேன். ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலை இருந்தால் டாக்கில் கட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்துச் சொல்லிவிடுங்கள். எலுமிச்சை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் தங்கும் என்று அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை. சான் டியாகோ கடையில் வாங்கியதுதான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அந்த அதிகாரி கேட்ட கேள்வி: "ரசீது இருக்கிறதா?"